அலமாரிக்குப் பின்னால் எத்தனை ஆணி?

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதைக்கு மூலகாரணம் என் புத்தக அலமாரி. அலமாரி செய்யச் சொன்னது நான். ஆகவே, கீழ் வீட்டு டீச்சர் ஏழு வருடம் உட்கார்ந்து எழுதிய ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் ஒரே மத்தியானத்தில் வேர்க்குரு வந்த முதுகு மாதிரி ஆனதற்கு நானும் ஒரு காரணம். மற்ற காரணங்கள் இரண்டு பேர். அவர்களை வரிசையாகக் காட்டிக்கொடுக்கிறேன்.

இன்னொரு ஒப்புதலும் இருக்கிறது. நான் முப்பத்து நான்கு வருடம் வானிலை அலுவலகத்தில் மழை அளந்தவன். வானம் பொத்துக்கொண்டு ஊற்றினாலும் 'பரவலாக மிதமான மழை' என்றுதான் எழுத வேண்டும். பக்கத்துக் கட்டடத்தில் இடி விழுந்த அன்றைக்குக்கூட 'இடியுடன் கூடிய' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, அதற்குப் பிறகுதான் மேசைக்கு அடியில் ஒளிந்தேன். அவ்வளவு நாள் அடக்கி வைத்த மிகைப்படுத்தல் எல்லாம் ஓய்வு பெற்றதிலிருந்து அணை உடைந்த மாதிரி வந்துகொண்டிருக்கிறது. அதனால் நான் எந்த எண்ணைச் சொன்னாலும் பாதியாக்கிக்கொள்ளுங்கள். ஆணிக் கணக்கும் கமாக் கணக்கும் மட்டும் சுத்தம். அதில் கைவைத்தால் கதையே கவிழ்ந்துவிடும்.

2.

இப்போது எப்படித் தொடங்குவது?

(அ) "அந்தச் சனிக்கிழமை மத்தியானம், யாரும் எதிர்பாராத நேரத்தில், சுத்தியல் ஓங்கியது—"

வேண்டாம். யாரோ செத்துப்போவார்கள் என்று காத்திருப்பீர்கள். யாரும் சாகமாட்டார்கள்.

(ஆ) "மாடி வீட்டில் ஒருவர் இருந்தார். எடுப்பான மூக்கு, சிங்க நடை, தெருவே எழுந்து நின்று வணக்கம் வைக்கும்—"

என் மனைவி பின்னால் நின்று படித்துவிட்டாள். "யாருங்க இது? நம்ம மாடியிலயா இருக்காரு? நான் பார்த்ததே இல்லையே," என்றாள். அந்த வரியை அடித்துவிட்டேன்.

(இ) "பஸ் நிலையத்தில் அறிவிப்பாளராக இருக்கும் டீச்சரின் கணவர்—"

இது பரவாயில்லை என்று நினைத்தேன். ஆனால் டீச்சர் இதைப் பார்த்தால் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, "ஏன் சார், பஸ் நிலையத்துல இருக்கறவர் ஒருத்தர், வேற எங்கயோ இருக்கறவர் ஒருத்தர்னு எனக்கு எத்தனை கணவர்?" என்று கேட்பார். ஏனென்றால் அவருடைய ஏழு வருட ஆராய்ச்சியே அதுதான்.

அதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். பயப்படாதீர்கள், பரீட்சை கிடையாது.

3.

எனக்குக் குறட்டை விடும் ஒரு மைத்துனன் இருக்கிறான். "குறட்டை விடும் என் மைத்துனன் வந்திருக்கிறான்" என்று நான் சொன்னால், எனக்கு ஒரே மைத்துனனா, இல்லை ஐந்தாறு பேரில் குறட்டைக்காரன் மட்டும் வந்திருக்கிறானா என்று உங்களுக்குத் தெரியாது. நாமும் கேட்பதில்லை. யார் வந்தாலும் நமக்குத் தூக்கம் போகப்போகிறது.

இங்கிலீஷில், அதுவும் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதும் இங்கிலீஷில், அப்படி விட்டுவிட முடியாதாம். மைத்துனனுக்கும் குறட்டைக்கும் நடுவில் கமா போட்டால், மைத்துனன் ஒருவன்தான், குறட்டை கூடுதல் தகவல். அது வரையறுக்காத தொடர். எடுத்துவிட்டாலும் ஆள் மாறமாட்டான். கமா போடாவிட்டால், பல மைத்துனர்களில் இன்னாரென்று குறட்டைதான் அடையாளம் காட்டுகிறது. அது வரையறுக்கும் தொடர். எடுத்தால் ஆளே தொலைந்துபோவான்.

'வெயிலில் வைத்த மாதிரிகள் கெட்டுப்போயின' என்று ஒரு விஞ்ஞானி எழுதுகிறார். கமா இல்லையென்றால் வெயிலில் வைத்தவை மட்டும் கெட்டன, நிழலில் இருந்தவை நன்றாக இருக்கின்றன. கமா போட்டால் அத்தனையும் வெயிலில் இருந்தன, அத்தனையும் நாசம். 'தூங்காத செவிலியர்கள் அளவைத் தவறாகக் குறித்தார்கள்' என்பதில் கமா போட்டால் அந்த ஆஸ்பத்திரியில் ஒருத்திகூடத் தூங்கவில்லை, ஒருத்திகூட ஒழுங்காகக் குறிக்கவில்லை. ஒரு துளி மையில் ஒரு வார்டுக்கே கெட்ட பெயர்.

ஆராய்ச்சிக்காரர்கள் இந்தக் கமாவை எப்படி அள்ளித் தெளிக்கிறார்கள் என்று நானூறு கட்டுரைகளைப் படித்து (இருநூறு) டீச்சர் எழுதியதுதான் அந்த ஆய்வேடு. கடைசி அத்தியாயம் முழுக்க, கமாவை அள்ளித் தெளித்தவர்களைத் திட்டும் அத்தியாயம்.

இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சிரிக்க உதவும்.

4.

டீச்சரின் கணவரை எல்லோரும் மைக் என்போம். பஸ் நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாக மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த மேடையிலிருந்து எப்போது கிளம்பும் என்று சொல்பவர். குரல் என்றால் அப்படி ஒரு குரல். வீட்டில் அவர் "உப்பு எடு" என்றால் நாலாவது வீட்டிலும் உப்பு எடுப்பார்கள். (இரண்டாவது வீட்டில். ஆனால் எடுத்தார்கள், அது உண்மை.)

வேலை அவருக்கு இரண்டு பழக்கங்களைக் கொடுத்திருந்தது.

ஒன்று, சத்தம் அவர் காதில் விழாது. ஹாரன், விசில், குழந்தை அழுகை, டிரைவர்கள் சண்டை எல்லாவற்றுக்கும் நடுவில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்த காது, தனக்கு வேண்டாததற்குத் தானே கதவைச் சாத்திவிடும்.

இரண்டு, அறிவித்த சீட்டை உடனே கிழித்துவிடுவார். அது அந்த அறையின் சட்டம். வாசித்தாயா, கிழி. கிழிக்காவிட்டால் போன வண்டிக்கே மறுபடி அறிவிப்புக் கொடுத்துவிடுவார்கள். புதிதாக வந்த ஒருவர் ஒருநாள் கிழிக்காமல் விட்டதில் அறுபது பேர் (முப்பது) பெட்டியைத் தூக்கிக்கொண்டு இல்லாத பஸ்ஸைத் துரத்தினார்கள்.

டீச்சர் எதையும் முதலில் கையால்தான் எழுதுவார். பிறகு மைக் அதை உரக்க வாசிக்க, டீச்சர் கம்ப்யூட்டரில் அடிப்பார். முதல் அத்தியாயத்தில் மைக் கமா வரும் இடத்தில் எல்லாம் "கமா" என்று அறிவித்தார். மூன்றாவது பக்கத்தில் மாடியிலிருந்து நானே இறங்கிவந்து, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று விசாரிக்க வேண்டியதாகிவிட்டது. அதற்குப் பிறகு கமாவுக்கு மேசையில் விரல் முட்டியால் ஒரு தட்டு என்று வைத்துக்கொண்டார்கள். டக். டீச்சரின் விரல் கமாவை அழுத்தும். ஐந்து அத்தியாயம் முடிந்தபோது அந்த விரல் மூளையிடம் கேட்பதையே விட்டுவிட்டது.

"உங்களுக்கு அர்த்தம் புரியுதா?" என்று நான் ஒருமுறை மைக்கைக் கேட்டேன்.

"எனக்கு இங்கிலீஷ்ல சத்தம் மட்டும்தான் சார் தெரியும். அர்த்தமெல்லாம் அவ டிபார்ட்மெண்ட்."

இந்தப் பதிலை மடித்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

5.

சனிக்கிழமை. திங்கள் பகல் பன்னிரண்டு மணிக்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். மூன்று முறை தவணை நீட்டிக் கொடுத்த பல்கலைக்கழகம், கடைசிக் கடிதத்தில் 'இதுவே இறுதி' என்று எழுதி அதற்கு அடியில் கோடும் போட்டிருந்தது. தவறினால் பதிவு ரத்து. ஏழு வருடம் தண்ணீரில் போட்ட உப்பு.

இதில் டீச்சருக்குக் கண் வேறு சிவந்து வீங்கிவிட்டது. சொட்டு மருந்து விட்ட டாக்டர், நாளைக் காலைவரை திரையைப் பார்க்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்.

"பார்க்க வேண்டாம்னுதானே சொன்னாரு? அடிக்க வேண்டாம்னு சொல்லலையே," என்றார் டீச்சர். இரண்டு கண்ணிலும் ஈரப் பஞ்சை வைத்துக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, விரல்களை விசைப்பலகையில் வைத்தார். பியானோ வாசிக்கும் மகாராணி மாதிரி இருந்தது என்று மைக் பிறகு சொன்னார்.

"ஆரம்பிக்கட்டுமா?"

"ஆரம்பிங்க. மெதுவா. பஸ் ஒண்ணும் கிளம்பல."

மைக் தொண்டையைச் செருமி, முதல் தாளை எடுத்து வாசித்தார். கமா வந்தால் டக். முடிந்ததும், கை தன் பாட்டுக்குத் தாளை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டது. இதற்கு முன் ஐந்து அத்தியாயத்திலும் தாள் முடிந்த கணமே டீச்சர் கையிலிருந்து பிடுங்கிக்கொள்வார். இன்று டீச்சரின் கண்ணில் பஞ்சு.

மேலே என் வீட்டில், அலமாரிக்கு முதுகுப் பலகை அடிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது.*

* தச்சரை எல்லோரும் ஒத்தையடி என்போம். ஒரு ஆணிக்கு ஒரே அடி. இரண்டாவது அடி அடிப்பவனைத் தச்சன் என்றே அவர் ஒப்புக்கொள்வதில்லை. "ஆணி எத்தனைங்க?" என்று சும்மா கேட்டேன். "அறுபத்தி நாலு ஐயா. எண்ணித்தான் வாயில வெச்சுக்குவேன். ஒண்ணு உள்ள போயிட்டா தெரியணும்ல?"

டக்.

டீச்சரின் தலைக்கு நேர் மேலே, தரைக்கும் கூரைக்கும் இடையே ஒரு சாண் காங்கிரீட்டைத் தாண்டி அந்த அடி இறங்கியபோது, அது மேசையில் முட்டியால் தட்டிய மாதிரியே இருந்தது. விரல் கமாவை அழுத்தியது. மைக் காதில் அது விழவே இல்லை. அவர் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தார்.

இப்படி இருபத்திரண்டு பக்கம். கடைசியில் நன்றியுரைப் பக்கம். அதையும் வாசித்தார், அதையும் கிழித்தார்.

"முடிஞ்சுது," என்றார் டீச்சர், பஞ்சுக்குள்ளேயே சிரித்து.

6.

ஞாயிறு காலை டீச்சர் கண்ணைத் திறந்தார்.

"என்னங்க."

'என்னங்க'வில் பதினேழு வகை உண்டு. (இதைப் பாதியாக்க வேண்டாம். கல்யாணம் ஆனவர்கள் சாட்சி.) மைக் காபி டம்ளரைக் கீழே வைத்தார். இது பதினேழாவது வகை.

"இங்க ஏன் இவ்வளவு கமா?"

"நீ எழுதினதுதானே."

"'விச்'ங்கற வார்த்தைக்கு அப்புறம் கமா போடற பழக்கம் எங்க பரம்பரையிலயே கிடையாது. தூங்காத செவிலியர் எல்லாம் இங்க ஆஸ்பத்திரி மொத்தமா தூங்காம உட்கார்ந்திருக்காங்க!"

"நான் தட்டல."

"சரி, நான் எழுதின பேப்பரைக் குடுங்க. ஒப்பிட்டுப் பார்த்துடலாம்."

பஸ் நிலையத்தில் அறிவிப்பு நின்றுபோனால் ஒரு அமைதி வருமே, அது வந்தது.

"பேப்பர் எங்க?"

"அறிவிச்சாச்சுல்ல," என்றார் மைக். அந்த வெண்கலக் குரல் கொசு அளவுக்குச் சுருங்கியிருந்தது. "கை கிழிச்சிடுச்சு."

"கிழிச்சீங்களா!"

"நாலாத்தான். பொடிப்பொடியா இல்ல."

"கூடையில இருக்குல்ல? ஒட்டிக்கலாம், குடுங்க."

"கூடையை..." மைக் ஜன்னல் பக்கம் பார்த்தார். "குப்பை வண்டி வந்துச்சும்மா. நான் குப்பையே கொண்டுபோய் போடறதில்லன்னு நீ எப்பவும் சொல்லுவியே. இன்னிக்கி நானே கொண்டுபோய் போட்டுட்டேன்."

டீச்சர் கத்தவில்லை. கத்தியிருந்தால் மைக்குக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவருக்கு அது கேட்டே இருக்காது. டீச்சர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்து, "கண்டபடி கமா போடறவங்களைத் திட்டி இருபத்திரண்டு பக்கம் எழுதியிருக்கேன். அதுல நானே கண்டபடி கமா போட்டிருக்கேன். நாளைக்குப் பன்னிரண்டு மணிக்கு இதைக் கொண்டுபோய்க் குடுக்கணும்," என்றார்.

உங்களுக்கு ஒரு கேள்வி வரும். இதிலேயே ஏழு வருடம் ஊறிய டீச்சர், தவறான கமாவைத் தானே பார்த்து எடுத்துவிட மாட்டாரா? எடுப்பார். அசட்டுத்தனமான இடங்களில் விழுந்த கமாக்களைப் பார்த்தவுடன் எடுத்துவிடுவார். ஆனால் அத்தியாயம் முழுக்க மற்றவர்கள் கட்டுரைகளிலிருந்து எடுத்த உதாரணங்கள். வெயிலில் வைத்த மாதிரிகளுக்குக் கமா இருந்ததா, இல்லையா? இரண்டுமே சரியான இங்கிலீஷ். எழுதியவர் எதை எழுதினார் என்பதுதான் கேள்வி. எழுதியவர் கமா போட்டாரா என்று ஆராய்ந்து எழுதிய அத்தியாயத்தில் எழுதியவரின் கமாவே தொலைந்துவிட்டது. நூலகத்துக்குப் போய்ப் பார்க்கலாம் என்றால் ஞாயிறு.

மைக் தன் விரல் முட்டியைப் பார்த்தார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு வண்டியை மேடை மாற்றிச் சொன்னதில்லை. வீட்டிலிருந்த ஒரே ஒரு பயணியை நடுரோட்டில் இறக்கிவிட்டோம் என்று தோன்றியது.

அப்போது மேலே, அலமாரிக் கதவு மாட்ட வந்த ஒத்தையடி ஒரே ஒரு ஆணி அடித்தார்.

டக்.

டீச்சரின் விரல் அசைந்தது. திரையில் ஒரு கமா விழுந்தது.

இருவரும் அதைப் பார்த்தார்கள். பிறகு இருவரும் கூரையைப் பார்த்தார்கள். இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக மைக் ஒரு சத்தத்தைக் கேட்டார்.

7.

(இங்கே கதாபாத்திரத்தைப் பற்றி ஒரு சந்தேகம். ஒரு தச்சர் நிஜமாகவே ஒரே அடியில் ஆணியை இறக்குவாரா? முதல் பிரதியில் நான் ஆணிக்கு மூன்று அடி என்று எழுதிப் பார்த்தேன். மூன்று கமா பக்கத்தில் பக்கத்தில் விழுந்தது. டீச்சர் ஒரு நொடியில் கண்டுபிடித்து, எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார். கதை ஒரு பத்தியில் முடிந்துவிட்டது. ஆகவே ஒரே அடிதான். நம்பாதவர்கள் வழக்கம்போல் பாதியாக்கிக்கொள்ளுங்கள். அரை அடியில் இறங்கும்.)

8.

மைக் படியேறி வந்தபோது நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தேன். மேற்பார்வை என்றால் தேநீர்.

"அண்ணே, நேத்து மத்தியானம் எத்தனை அடி அடிச்சீங்க?"

ஒத்தையடி சுத்தியலைக் கீழே வைத்தார். கல்யாணத்தில் மாப்பிள்ளையிடம் சம்பளம் கேட்ட மாதிரி நிமிர்ந்தார். "அறுபத்தி நாலு ஆணி, அறுபத்தி நாலு அடி. ஏன் சார், ஏதாவது ஆடுதா?"

"உங்க ஆணி ஒண்ணும் ஆடல. எங்க வீடுதான் ஆடுது."

கீழே எல்லோரும் போனோம். என்னை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடுவதற்குள் போய்விட்டேன். டீச்சர் சற்றுமுன் விழுந்த கமாவை அழித்துவிட்டுக் கம்ப்யூட்டரைக் கேட்டார். நன்றியுரையும் சேர்த்து அத்தியாயத்தில் மொத்தம் முந்நூற்று நாற்பத்தொரு கமா. அதில் அறுபத்து நான்கு ஆணி. ஆகவே மைக் தட்டியது இருநூற்று எழுபத்தேழு. எவை என்பதுதான் பாக்கி.

"ஒண்ணு பண்ணலாம்," என்றார் மைக். "கமா எல்லாத்தையும் எடுத்துட்டு ஒரு பிரிண்ட் எடு. நான் மறுபடி வாசிக்கறேன். எங்க தட்டினேனோ அங்க கை தானா தட்டும்."

"அர்த்தம் தெரியாமலா?"

"தினம் காலையில எழுபது வண்டி சொல்றேன். அர்த்தம் தெரிஞ்சா சொல்றேன்? வாய்க்கு ஞாபகம் இருக்கும்மா."

டீச்சர் அவரை ஒரு பார்வை பார்த்தார். வேறு வழியிருந்தால் அந்தப் பார்வை இவ்வளவு சீக்கிரம் முடிந்திருக்காது.

ஏற்பாடு இதுதான். மைக் வாசிப்பார். தட்டினால் டீச்சர் கமா போடுவார். ஒவ்வொரு தட்டுக்கும் ஒத்தையடி ஒரு ஆணியைப் பிஸ்கட் டின்னில் போட்டு எண்ணுவார். நான் இருமக் கூடாது. எனக்கு மட்டும் ஏன் தனிச் சட்டம் என்று கேட்டேன். "சார், ப்ளீஸ்," என்றார் டீச்சர்.

மைக் வாசித்தார். நான் வெள்ளப் பெருக்கையும் பார்த்திருக்கிறேன், நாலு ஊரைத் தூக்கிய புயலையும் பார்த்திருக்கிறேன். (இரண்டு ஊர்.) அந்த மாதிரி ஒரு வாசிப்பைப் பார்த்ததில்லை. வெயிலில் வைத்த மாதிரிகள் வந்தன. கை அசையவில்லை. நிழலில் இருந்தவை பிழைத்தன. டீச்சரின் தோள் ஒரு அங்குலம் இறங்கியது. தூங்காத செவிலியர்கள் வந்தார்கள். கை அசையவில்லை. மற்ற செவிலியர்களின் மானம் தப்பியது. வேறொரு வாக்கியத்தில் கை தானாக எழும்பித் தட்டியது. டீச்சர் நிமிர்ந்தார். "ஆமா, அங்க உண்டு. நல்லா ஞாபகம் இருக்கு," என்றார்.

பக்கம் முடிந்ததும் மைக்கின் கை கிழிக்கப் போனது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் பாய்ந்தோம்.

கடைசியில் நன்றியுரைப் பக்கம். வழிகாட்டிக்கு நன்றி, நூலகத்துக்கு நன்றி, பள்ளிக்கு நன்றி. கடைசி வரி கணவருக்கு. மைக் அங்கே கொஞ்சம் மெதுவாக வாசித்தார். பண்டிகை நாளில் கடைசி வண்டியை அறிவிப்பது மாதிரி. 'என் கணவருக்கு' என்று வந்ததும் முட்டி மேசையைத் தொட்டது.

டக்.

பிறகு 'ஹூ' என்று தொடங்கி, ஏழு வருடம் அவர் உரக்க வாசித்தது, டீ போட்டது எல்லாவற்றையும் வாசித்து முடித்தார்.

ஒத்தையடி டின்னைக் கவிழ்த்து எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"இருநூத்தி எழுபத்தெட்டு."

"எழுபத்தேழு வரணும்," என்றார் டீச்சர்.

"எண்ணிக்கையில என்னைச் சொல்லாதீங்கம்மா. எழுபத்தெட்டு."

டீச்சர் திரையில் கடைசியிலிருந்து தேடத் தொடங்கினார். பார்த்த முதல் வரியிலேயே நின்றார். முகம் சிவந்தது.

"இங்க நான் கமா போடல. அவசரத்துல எழுதினேன், போடல. நேத்து ராத்திரி படுக்கும்போதுதான் ஞாபகம் வந்து, மாத்தணும்னு நினைச்சேன்."

"போடலன்னா என்னம்மா?" என்றார் ஒத்தையடி.

"போடலன்னா, எனக்குப் பல கணவர்கள், அதுல டீ போட்டுக் குடுத்த கணவருக்கு மட்டும் நன்றின்னு அர்த்தம்."

ஒத்தையடி யோசித்தார். "மத்தவங்க எங்கம்மா இருக்காங்க?"

எனக்கு இருமல் வந்தது. சட்டத்தை மதித்து விழுங்கினேன்.

"நேத்து ஃபைல்ல பாரு," என்றார் மைக், மேசையைப் பார்த்துக்கொண்டு. பார்த்தார்கள். சனிக்கிழமைப் பிரதியிலும் அந்த இடத்தில் கமா இருந்தது.

"அப்ப ஆணிதான்," என்றார் மைக், அவசர அவசரமாக. "அறுபத்தி நாலுல ஒண்ணு அங்க விழுந்திருக்கு. என் கைக்கு அது பழகிடுச்சு."

"சரியா அந்த இடத்துலயா?"

"ஒண்ணாவது சரியா விழாதா?"

"உங்களுக்குச் சத்தமே கேக்காதே. கேக்காதது கைக்கு எப்படிப் பழகும்?"

மைக் மேசையிலிருந்த தாள்களை அடுக்கினார். காது மட்டும் பழுத்துப்போயிருந்தது.

"என்னைப் பாருங்க. ஏழு வருஷம் வாசிச்சீங்களே, அர்த்தம் புரிஞ்சுதா?"

"எனக்கு இங்கிலீஷ்ல சத்தம் மட்டும்தான் தெரியும்."

ஒத்தையடி அப்போதுதான் தாடையைத் தடவினார். அவர் முகத்தில் நான் முதல்முறையாக ஒரு சந்தேகத்தைப் பார்த்தேன். "இரு இரு. நேத்து கடைசியில ஐயா டீ கொண்டாந்தாரு. வாயில ஒரு ஆணி பாக்கி இருந்துச்சு. எடுத்துக் கீழ வெச்சேன். டீயைக் குடிச்சேன். அப்புறம் அதை அடிச்சேனா..." கூரையைப் பார்த்தார். "அடிச்சிருப்பேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் டீ கொடுத்தது ஒரு குற்றமா?

9.

டீச்சர் அந்தக் கமாவை எடுக்கவில்லை. திங்கட்கிழமை பதினொன்று நாற்பதுக்கு ஆய்வேடு அலுவலக மேசையில் விழுந்தது. வாங்கிய குமாஸ்தா முத்திரை குத்திய சத்தத்தில் டீச்சரின் விரல் ஒருமுறை துடித்ததாம். இப்போது அவர் டாக்டர். தெருவில் தலைவலி என்று இரண்டு பேர் வந்துவிட்டார்கள். (ஒருவர். அதுவும் நான்தான்.)

கணக்கு எளிது. அலமாரியின் முதுகுப் பலகையில் அறுபத்து நான்கு ஆணி இருந்தால், அந்தக் கமா தற்செயலாக விழுந்த ஆணி. அறுபத்து மூன்று இருந்தால், சனிக்கிழமை மத்தியானம், மனைவியின் கண்ணில் பஞ்சு இருக்கும்போது, ஒன்றும் தெரியாது என்று ஏழு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு மனிதர், தாளில் இல்லாத ஒரு கமாவை நைசாகத் தட்டிவிட்டார். நான் ஒருத்தன்தான் என்று.

முடிவாக எதை எழுதலாம்?

அறுபத்து நான்கு என்று எழுதினால் ஒத்தையடிக்கு மானம் தங்கும்.

அறுபத்து மூன்று என்று எழுதினால் "அந்த நொடியில் வானமே பிளந்து, பூமழை—" இல்லை. 'பரவலாக மிதமான மழை' என்று எழுதினாலே போதும் அந்த வீட்டுக்கு.

போய் எண்ணிப் பார்க்க வேண்டியதுதானே என்கிறீர்கள். அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைத்தாயிற்று. ஆயிரத்து இருநூறு புத்தகமும் அடுக்கியாயிற்று. (அறுநூறு. அதுவே என் இடுப்புக்கு அதிகம்.)

போன வாரம் மைக் மாடிக்கு வந்தார். அலமாரியின் பக்கவாட்டில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "சார், இதை எப்பவாவது நகத்துவீங்களா?" என்றார்.

"ஏன்?"

"சும்மாதான்." போய்விட்டார்.

மறுநாள் டீச்சர் வந்தார். அதே இடத்தில் நின்றார். "எண்ணிட்டீங்களா சார்?"

"இன்னும் இல்லம்மா."

"எண்ணாதீங்க," என்றார். வாசல்வரை போனவர் திரும்பி, "எண்ணினாலும் அவர்கிட்ட சொல்லாதீங்க," என்றார். படியில் கால் வைத்த பிறகு, "என்கிட்ட சொல்லலாம்," என்றார்.

10.

ஆகவே நான் எண்ணப்போவதில்லை. நீங்கள் வாருங்கள். கதவு திறந்துதான் இருக்கும். என் மனைவி தேநீர் கொடுப்பாள், குடித்துவிட்டு ஆரம்பியுங்கள், நடுவில் வேண்டாம். தேநீரால் வந்த வினை போதும். புத்தகங்களை இறக்குங்கள், அலமாரியைத் திருப்புங்கள், ஒவ்வொரு ஆணியாக விரல் வைத்து எண்ணுங்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி மேகம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

என்னிடம் வாயால் சொல்ல வேண்டாம். நான் பாதியாக்கி ஊரெல்லாம் சொல்லிவிடுவேன்.

அறுபத்து நான்கு என்றால் சத்தமில்லாமல் இறங்கிப் போய்விடுங்கள். அறுபத்து மூன்று என்றால் தரையில் குனிந்து, விரல் முட்டியால், ஒரே ஒரு தட்டு. கீழே மைக் காதில் விழாது. டீச்சரின் விரல் புரிந்துகொள்ளும்.